எரிப்பு நோட்டு

அங்க வைக்காதே கண்ணு. அந்த மூலையில புறா எச்சம் போடும். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல வை. இதோ, சிமெண்ட்ல நாலு ஓட்டை தெரியுது பாரு, அந்த இடத்துல. அது போன மெஷினுக்குப் போட்ட ஓட்டை. எங்க வீட்டுக்காரரு அடைக்கறேன்னு சிமெண்ட் கலந்து எடுத்துனு வந்துட்டாரு. விட்டேனா நான்? திரும்பி யாராவது வருவாங்க, வேணாம்னு சொல்லிட்டேன். பாரு, நீ வந்திருக்கறே.

இம்மாத்தூண்டு பொட்டியா உன்னோடது? இத்தை வச்சா காத்தை அளக்கப் போறே? போன மெஷின் என் தலைக்கு மேல உயரம். ரெண்டு ஆளு கயிறு கட்டி ஏத்தினாங்க. உன்னோடது டிபன் பாக்ஸ் கணக்கா இருக்குது. சரி, எனக்கு இன்னா தெரியும். காலேஜ்ல படிக்கற பொண்ணு, நீ சொன்னா சரிதான்.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காரு. ஒக்கார மாட்டியா, வேலை இருக்குதா? சரி, உன் வேலை ஆவட்டும், நான் பேசினே இருக்கறேன். எங்கிட்ட பேசறதுக்கு ஆளே கிடையாது. வீட்லயும் கிடையாது, தெருவுலயும் கிடையாது. ஏன்னு கேளு. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

அதோ, கறுப்பா குமிஞ்சு கிடக்குதே, தெரியுதா? ஊருக்குப் புதுசா வர்றவங்க மலைன்னு நெனைப்பாங்க. கரி. கப்பல்லேர்ந்து எறக்கி அங்கதான் கொட்டி வைக்கறாங்க. கூரை கிடையாது, சுவர் கிடையாது. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து கெளம்புச்சுன்னா அந்தத் தூள் அத்தனையும் நேரா நம்ம முத்தியா நகர்தான். வெள்ளை ஜாக்கெட் போட்டு பத்து வருஷம் ஆச்சு எனக்கு. கொடியில துணி போட்டா எடுத்து ஒதறிட்டுத்தான் மடிக்கணும். சோறு தின்னா பல்லுல நறநறங்குது.

எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. ஏழு வயசுல இழுப்பு வந்துது அவளுக்கு. ஒரு நாள் ஸ்கூல்லேர்ந்து வந்தவ படி ஏற முடியாம மூணாவது படியிலயே ஒக்காந்துட்டா. நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தற மாதிரி சத்தம். தூக்கினு ஓடினோம். டாக்டரு சொன்னாரு, தூசு ஆவாது, புகை ஆவாது, முடிஞ்சா ஊரை மாத்திடுங்கன்னு. ஊரை எங்க மாத்தறது? இவரு ஹார்பர்ல கிரேன் ஓட்டறாரு, பொழப்பு இங்கதான். ஆனா புகையை நிறுத்தினேன். பீடி குடிச்சுனு இருந்த மனுஷனை ஒரே வாரத்துல நிறுத்த வச்சேன். அடுப்பு கேஸு. வெந்நீருக்கு ஹீட்டரு. கொசுவத்திச் சுருள் கூட வாங்கறது இல்ல, வலை கட்டிட்டேன். என் வீட்ல புகைன்னு ஒண்ணு கிடையாது. இத்தை நீ உன் பேப்பர்ல எழுதிக்கலாம்.

அவளுக்கு முடின்னா அப்படி முடி. இடுப்புக்குக் கீழ தொங்கும். ஞாயித்துக்கிழமை தலைக்கு ஊத்தி, மூங்கில் கூடையைக் கவுத்துப் போட்டு அதுக்கடியில சாம்பிராணி வச்சு, அது மேல முடியை விரிச்சு விட்டுடுவேன். ஈரம் தலையில நின்னா இழுப்புக்காரிக்கு ஆவாது பாரு. பொறந்த பதினாறாம் நாள்லேர்ந்து காட்டினேன், ஒரு வாரம் தப்பினது இல்ல. கடைசியில நெஞ்சு அடைக்குதுன்னு சிணுங்குவா. ஒக்காருடி, சளி வெளிய வருதுன்னு சொல்லுவேன். நான் பாத்த மாதிரி பொண்ணை யாரும் பாத்திருக்க மாட்டாங்க. அத்தை மட்டும் நான் எங்க வேணா சொல்லுவேன்.

சரி, மெஷின் கதைக்கு வர்றேன்.

தெருவுல நாப்பது பேரு கையெழுத்துப் போட்டு அந்தக் கரிக் கம்பெனி மேல கேஸ் போட்டோம். கரிக்குக் கூரை போடு, சுவர் எழுப்பு, முடியலைன்னா இங்கேர்ந்து எடுத்துனு போ. இதான் எங்க கேஸு. மொத கையெழுத்து என்னுது. நாகபூஷணம்னு முழுப்பேரும் எழுதினேன், எட்டாவது படிச்சவ நானு, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கோர்ட்டுல கம்பெனி வக்கீலு எழுந்து கேட்டான். ஊருல பஸ்ஸு ஓடுது, லாரி ஓடுது, ரோட்டுல மண்ணு பறக்குது, குப்பை எரிக்கறாங்க, அது எல்லாத்துலயும் தூசு வருது, இவங்க நெஞ்சுல போறது எங்க கரிதான்னு எப்படித் தெரியும்னான். கேட்டானா? கோர்ட்டும் அதையே பிடிச்சுக்குச்சு. எது எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பிரிச்சுக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க.

அப்படிப் பிரிச்சுக் காட்டறதுக்கு வந்தவருதான் வில்வநாதன் சாரு, காலேஜ் வாத்தியாரு. நல்ல மனுஷன். உன்னை மாதிரியே ஒல்லி, உன்னை மாதிரியே மோரு வேணாம்பாரு. ஊருல அஞ்சு இடத்துல மெஷின் வச்சாரு. மத்த நாலும் தூரம், கரிக்கு ரொம்பக் கிட்டக்க இருக்கறது என் மாடிதான். அம்மா, இந்த அஞ்சுல உங்க வீட்டு மெஷின்தான் முக்கியம்னு அவரு வாயால சொன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனைச்சுப் பாரு.

அதுக்குள்ள மசால்வடை அளவுல வெள்ளையா ஒரு பேப்பர் வைப்பாரு. கையால தொட மாட்டாரு, இடுக்கியாலதான் எடுப்பாரு. மெஷின் ஒரு நாள் பூரா காத்தை இழுக்கும், மறுநாள் பேப்பரை எடுத்தா கறுத்துப் போயிருக்கும். அத்தை ஐஸ் பொட்டியில வச்சு எடுத்துனு போவாரு. எனக்கும் தாரணிக்கும் ஒக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. ஒவ்வொரு புகைக்கும் ஒரு ஜாடை இருக்கும்மா, புள்ளையப் பாத்தா அப்பன் யாருன்னு தெரியுதில்ல, அது மாதிரி. கரிக்கு ஒரு ஜாடை, டீசலுக்கு ஒரு ஜாடை, கடல் உப்புக்கு ஒண்ணு, ரோட்டு மண்ணுக்கு ஒண்ணு, விறகு சருகு எரிச்சா அதுக்கு ஒண்ணு. பேப்பர்ல இருக்கற அழுக்கைப் பிரிச்சுப் பாத்தா எது எவ்வளவுன்னு நூத்துக்கு இத்தினின்னு சொல்லிடலாம்னாரு. தாரணி கேட்டா, அப்ப என் நெஞ்சுல இருக்கறதையும் பிரிச்சுப் பாக்கலாமா சார்னு. அவரு சிரிக்கலை. இந்தப் பேப்பரும் உன் நெஞ்சும் ஒண்ணுதாம்மான்னாரு.

வாரத்துல ரெண்டு நாள் ஓட்டறேன்னாரு. எந்த ரெண்டு நாளு தெரியுமா? செவ்வாயும் வெள்ளியும். நான் சொல்லலை, அவரா சொன்னாரு! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. சாமிக்கு உகந்த நாளா பாத்து அந்த மனுஷன் வாயில வந்திருக்குதுன்னா, அப்ப தெய்வம் நம்ம பக்கம்தானே?

இந்தா, இத்தைப் பாரு. இந்த நோட்டு. இத்தைத்தான் உனக்குக் காட்டணும்னு எடுத்துனு வந்தேன். சாரு குடுத்தது. கோடு போட்டு நாலு கட்டமா பிரிச்சு அவரே எழுதிக் குடுத்தாரு. தேதி, நேரம், யாரு, இன்னா எரிச்சாங்க. மெஷினுக்குச் சுத்துவட்டாரத்துல யாரு எதை எரிச்சாலும் எழுதி வைங்கம்மா, சின்னதா இருந்தாலும் எழுதுங்க, அப்பத்தான் கணக்கு சரியா வரும்னாரு. எங்க வீட்டுக்காரரு அத்தைப் பாத்துட்டு எரிப்பு நோட்டுன்னு பேரு வச்சாரு. அப்பல்லாம் அவரு எங்கூட பேசினு இருந்தாரு.

ஆறு மாசம், ஒரு நாள் விடலை நானு. படிக்கறேன் கேளு. மாசி ஏழு, காலைல ஆறே முக்கா, பின் தெரு கன்னியப்பன், ஒயரு எரிச்சான். செம்புக் கம்பிக்காக எரிப்பான் அந்தக் கடங்காரன், கறுப்பா எழும்பும். மாசி பதினொண்ணு, சாயங்காலம் அஞ்சரை, எதிர் வீட்டு சரோஜா, வேப்பஞ்சருகு. மாசி பதினாலு, திரும்பவும் சரோஜா, பழைய பாய். சரோஜா எரிக்கும்போதே மேலேர்ந்து கத்துவேன், எழுதறேண்டி உன் பேரைன்னு. எழுதிக்கோ, கவர்மெண்டு எனக்கு மெடல் குடுக்கும்பா. டீக்கடைக்காரன் பேப்பர் கப்பைக் கொளுத்தினது, குடிச்சுட்டு எவனோ டயர் கொளுத்தினது, சாவு ஊர்வலத்துல போட்ட பட்டாசு, எல்லாம் இருக்குது. ஒரு பீடியைக் கூட விடலை, பாரு, இதோ. பங்குனி மூணு, பைப்பு ரிப்பேருக்கு வந்தவன், தொட்டி ஓரத்துல ஒரு பீடி. சாரு அத்தைப் படிச்சுட்டு, அம்மா, என் ஸ்டூடண்ட்ஸ் கூட இவ்வளவு கவனமா எழுத மாட்டாங்கன்னாரு.

மெஷினையும் அப்படித்தான் பாத்துக்கினேன். மொத வாரமே ரெண்டு தடவை நின்னுடுச்சு. ஃபீஸ் போச்சுன்னாரு சாரு. எனக்குத் தெரியாதா ஏன் போச்சுன்னு? தெருவே மாடியைப் பாத்துனு போவுது. உனக்கின்னா பூஷணம், உன் வீட்டுக்கு மெஷினெல்லாம் வந்திருக்குதுன்னு சரோஜா வயிறெரிஞ்சா. கண்ணு பட்டா கல்லே பொளந்துடும், மெஷின் எந்த மூலைக்கு? அன்னிக்கே சந்தனம் கொழைச்சு அது நெத்தியில, நெத்தின்னா முன் பக்கம், ஒரு பொட்டு வச்சு குங்குமம் இட்டேன். சாரு பாத்துட்டுச் சிரிச்சாரு. பொட்டு இருக்கட்டும்மா, தலையில மட்டும் எதையும் வச்சிடாதீங்க, அது காத்து உள்ள போற வழின்னாரு. அவரு சொன்ன சொல்லை நான் மீறலை. ஆறு மாசத்துல அது தலை மேல ஒரு பூ வச்சது கிடையாது.

சாம்பிராணி மட்டும் காட்டுவேன்.

செவ்வாய் வெள்ளி விளக்கு வச்சதும், மொதல்ல சாமிக்கு, அப்புறம் தாரணிக்கு, அப்புறம் மேல ஏறி வந்து மெஷினுக்கு. கடையில விக்குதே கம்ப்யூட்டர் சாம்பிராணி, அதெல்லாம் நம்ம வீட்ல ஆவாது. தேங்கா மட்டை, கொட்டாங்குச்சி போட்டுத் தணல் புடிச்சு, நல்ல பால் சாம்பிராணியைப் பொடிச்சுத் தூவினா குபுகுபுன்னு வரும் பாரு. மெஷின் தலை எனக்கு எட்டாது. உன்னை ஒக்காரச் சொன்னேனே, அதே ஸ்டூலு மேல ஏறி நின்னு, தூபக்காலை அது வாய்கிட்ட பிடிச்சு, விசிறியால விசிறி விடுவேன். அப்படியே இழுத்துக்கும் கண்ணு! ஒரு துளி வெளிய போவாது. ங்ங்ங்னு சத்தம் போட்டுனு அத்தனையும் உள்ள வாங்கிக்கும். பாக்கப் பாவமா இருக்கும் எனக்கு. அதுவும் என் பொண்ணு மாதிரிதானே, நாள் பூரா அந்தக் கரிக்காத்தை இழுத்துனு நிக்குது. ஒரு கால் மணி நேரமாவது நல்ல காத்து போவட்டும்னு காட்டுவேன்.

ஒரு நாள் இவரு கீழேர்ந்து வந்து நின்னு பாத்தாரு. பூஷணம், அதும் வாய்ல போயி புகையைக் காட்டறியே, அதுக்கு ஒண்ணும் ஆவாதான்னாரு. எனக்குக் கோவம்னா கோவம். சாமி காரியத்தைப் புகைன்னு சொல்ற நாக்கு, பீடி குடிச்ச நாக்குதானேன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுனு போயிட்டாரு.

ஆறு மாசம் முடிஞ்சு மெஷினை எறக்கினாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு வில்வநாதன் சாரு தனியா வந்தாரு. வழக்கமா சிரிச்சுனு வர்றவரு. அன்னிக்கு மோரு குடுத்தேன், வாங்கிக் குடிச்சாரு. இதே மாடியிலதான் நின்னாரு. அம்மா, மத்த நாலு இடத்துலயும் கரி ஜாடை நல்லா தெரியுது, தூரமா இருக்கற இடத்துலயே தெரியுது, கரிக்குக் கிட்டக்க இருக்கற உங்க மாடியில மட்டும் அது அமுங்கிப் போயி விறகு எரிச்ச புகைதான் நூத்துக்கு நாப்பத்தெட்டு காட்டுது. பொட்டாசியம்னு ஏதோ பேரு சொன்னாரு. விறகு மட்டை எரிச்சா வர்ற சத்தாம். உங்க நோட்டுல இருக்கற எரிப்பு அத்தனையும் சேத்தாலும் இவ்வளவு வராதும்மா. மெஷினுக்கு ரொம்பக் கிட்டக்க ஏதோ எரிஞ்சிருக்குது. உங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னாரு.

அவரு மெதுவாச் சொன்னாரு, அந்த வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்குது. அம்மா, தப்பு ஒண்ணும் இல்ல. ஏதாவது எரிச்சிருந்தா சொல்லிடுங்க. உங்க மாடிப் பேப்பரை மட்டும் ஒதுக்கி வச்சிடறேன். மத்த நாலு இடம் போதும், கேஸ் நிக்கும். சொல்லலைன்னா நான் இத்தையும் சேத்துத்தான் குடுக்கணும், மறைக்க எனக்கு உரிமை இல்லைன்னாரு.

ஒதுக்கறதா? என் மாடியையா? எனக்கு நெஞ்செல்லாம் எரிஞ்சுது. ஆறு மாசம் மழையில குடை பிடிச்சிருக்கறேன் நான் அந்த மெஷினுக்கு. ஊருல ஒருத்தன் பீடி விடாம எழுதி வச்சவ, நான் எரிப்பேனா? இழுப்புக்காரப் பொண்ணை வச்சுனு குப்பை எரிக்கற பொம்பளையா நானு? தாரணி அப்ப படியில ஒக்காந்து முடி காய வச்சுனு இருந்தா. இழுத்து என் முன்னால நிறுத்தி, அவ தலையில கையை வச்சேன். சார், என் பொண்ணு தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன், இந்த மாடியில நான் ஒரு குச்சியை எரிச்சது இல்ல, ஒரு துளி புகை போட்டது இல்ல. போட்டிருந்தா இவ எனக்கு இல்லைன்னேன்.

இவரு படிக்கட்டுல நின்னுனு இருந்தாரு. ஏதோ சொல்ல வாயைத் தொறந்தாரு. நான் சத்தியத்தை முடிச்சுட்டேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு அந்த மனுஷனுக்கு. வாயை மூடினு கீழ எறங்கிப் போயிட்டாரு. சத்தியம்னா அவருக்கு எப்பவுமே பயம்.

சாரு கையெடுத்துக் கும்பிட்டாரு. போதும்மா, நம்பறேன்னாரு. போயிட்டாரு.

கோர்ட்டுல கம்பெனி வக்கீலுக்குக் கொண்டாட்டம். கரிக்கு ஒட்டின வீட்லயே கரி நூத்துக்குப் பதினொண்ணுதான், ஊர்க்காரங்களே எரிக்கற புகைதான் பாதி, இவங்க வீட்டு அடுப்பை அணைச்சுட்டு எங்களைக் கேக்க வரட்டும்னான். அதோட விட்டானா? சாரு கணக்கோட சேத்துக் குடுத்த இந்த நோட்டைக் கையில பிடிச்சுனு படிச்சான். இதே நோட்டு. என் கையெழுத்தைப் படிக்கறதுக்கு அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கன்னியப்பன் ஒயரு, சரோஜா பாய், டீக்கடை கப்பு. கையெழுத்துப் போட்ட நாப்பது பேரும் பின்னால ஒக்காந்து அவங்கவங்க பேரைக் கேட்டுனு இருந்தாங்க. கேஸு தள்ளுபடி.

வெளிய வந்ததும் சரோஜா என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா, எங்களை எழுதிக் குடுத்து எல்லாருக்கும் மண்ணள்ளிப் போட்டுட்டியேடின்னு. அன்னியோட சரி. ஒரு வீடு கூட என்னோட பேச்சு வச்சுக்கலை. தண்ணி லாரி வந்தா கூட எனக்குக் குரல் குடுக்க மாட்டாங்க. நான் இன்னா செஞ்சேன்? உள்ளதை எழுதினேன். ஆனா நீயே சொல்லு, ஒரு பாயி, நாலு ஒயரு, ரெண்டு கூடை சருகு, அதுல நூத்துக்கு நாப்பத்தெட்டு வருமா? சாரே வராதுன்னு சொன்னாரே! அப்ப எங்கேர்ந்து வந்துது? எனக்குத் தெரியும். அந்த ஐஸ் பொட்டி போற வழியில பேப்பரை மாத்திட்டானுங்க. சாரு நல்லவருதான். கூட இருந்தவன் எவனோ. ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன், வேற எதுவும் இருக்க முடியாது.

இப்ப பாரு, அங்க புதுசா நிக்குது பாரு மஞ்சளா ஒரு கிரேனு. கேஸ் முடிஞ்ச மாசமே கொண்டாந்து நிறுத்தினான். குமியல் ரெண்டு மடங்கு ஆச்சு. இனிமே யாரும் கேக்க முடியாது, பேப்பர் சொல்லிடுச்சே, எல்லாம் எங்க வீட்டுப் புகைதான்னு.

தாரணி போனது ஐப்பசியில. மழை விட்டு வெயில் அடிச்சு, காத்து திரும்பின வாரம். சாயங்காலம் தலைக்கு ஊத்தி முடி காய வச்சேன், நடுவுலயே எழுந்துட்டா. முடியலைம்மா, போதும்மான்னா. நான்தான் ஒக்கார வச்சேன், இன்னும் ஈரம் இருக்குதுடின்னு. எட்டு மணிக்கு இழுப்பு ஆரம்பிச்சுது. மருந்து அடிச்சோம், கேக்கலை. ஆட்டோவுல என் மடியில படுத்துனு வந்தா. முடியெல்லாம் சாம்பிராணி வாசனை. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கும்போது அவ கை சில்லுனு இருந்துது. இருபது வயசு கண்ணு. இருபது முடியலை.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியலை. உன்னைப் படிச்ச பொண்ணுன்னு கேக்கறேன். சத்தியம் பொய்யா இருந்தாத்தானே புள்ளைக்கு ஆவாது? நான் பொய் சொல்லலியே. ஒரு குச்சி எரிக்கலியே. அப்புறம் ஏன் அது என் பொண்ணைத் தேடினு வந்துது? கோயில் கோயிலாக் கேட்டுட்டேன். இவருகிட்ட கேட்டா எழுந்து வெளிய போயிடறாரு.

இவரு ஆளே மாறிட்டாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் என் தூபக்காலைத் தூக்கினு போயி எங்கயோ கடாசிட்டு வந்துட்டாரு. எங்க மாமியார் குடுத்த பித்தளைத் தூபக்கால். எங்கன்னு கேட்டா வாயைத் தொறக்கலை. நான் விடுவேனா, மறுநாளே வேற ஒண்ணு வாங்கிட்டேன். அன்னியிலேர்ந்து சாம்பிராணி வாசனை வந்தா சட்டையை மாட்டினு கெளம்பிடறாரு. பொண்ணு முடி ஞாபகம் வந்துடுது போல. ஆம்பளைங்களுக்கு அழத் தெரியாது. வேற யாராவதா இருந்தா என்னை ரெண்டு வார்த்தை திட்டியாவது இருப்பாங்க. இவரு அது கூட இல்ல. என்னைப் பாக்கறதே இல்ல.

அதான் நீ போன் பண்ணி மாடியில ஒரு மெஷின் வைக்கலாமான்னு கேட்டதும் உடனே வான்னேன். இனிமே கேஸு இல்ல, பொண்ணு இல்ல, ஒண்ணுத்துக்கும் ஆவப்போறது இல்ல, தெரியும். இருந்தாலும் ஒரு தடவையாவது ஒரு மெஷினு உள்ளதைச் சொல்லட்டும். இது கரின்னு சொல்லட்டும். என் பொண்ணைக் கொன்னது இதுதான்னு ஒரு பேப்பர்ல பாத்துட்டேன்னா போதும் எனக்கு.

ஓடுதா? பச்சை லைட்டு வந்துடுச்சே! அட, நம்பர் வேற தெரியுது. ஐம்பத்தெட்டு. இது நல்லதா கெட்டதா? பரவால்லயா? சரி. எழுதறதுக்கு நோட்டெல்லாம் புதுசா வேணாம், இதுலயே பின்னால பக்கம் மிச்சம் இருக்குது. நானே எழுதறேன், நீ கவலையே படாதே. ஒருத்தன் பீடி பத்த வச்சாலும் விடமாட்டேன்.

மணி ஆறு ஆயிடுச்சா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற. பாத்தியா, நீயும் நாள் பாக்காமலே வெள்ளிக்கிழமை வந்திருக்கறே. இரு, ஒரே நிமிஷம், அந்தக் கதவு ஓரம் தணல் புடிச்சு வச்சிருக்கறேன். கொஞ்சம் தள்ளிக்கோ. இந்தப் பொட்டிக்கு ஸ்டூலே வேணாம், நல்லா எட்டுது. அந்த விசிறியை எடு. எடும்மா. ஹாங். பாரு, இதுவும் எப்படி உள்ள வாங்குது பாரு.

ஐயய்யோ, நம்பரைப் பாரு! இருநூறு. முந்நூத்திப் பத்து. ஏறினே இருக்குதே! பாத்தியா, பாத்தியா, நான் சொல்லலை? சாயங்காலக் காத்து. விளக்கு வைக்கற நேரம் பாத்துக் கரியைக் கெளப்பி விடறானுங்க. நானூறு! இத்தைப் போட்டோ எடு கண்ணு, போட்டோ எடு.

இன்னாம்மா, ஏன் எழுந்துட்டே? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு? உனக்கும் இழுப்பு கிழுப்பு இருக்குதா? கிட்ட வா, உனக்கும் காட்டறேன்.

நோட்டை ஏன் எடுக்கறே? மணியா? ஆறு அஞ்சு. எதுக்கு எழுதறே இப்ப? இன்னும் யாரும் எதையும் எரிக்கலியே.